தாய்க்கொட்டாரமும் அந்தப்புரமும்: ஒரே வளவில் இரண்டு பெண்கள் மாளிகைகள்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையைச் சேர்ந்த, கட்டடக்கலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குடும்பத்தோடு திருவனந்தபுரம், கன்னியாகுமரி யாத்திரை போனபோது வழியில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தோம். உள்ளே தாய்க்கொட்டாரம் என்று ஒரு பகுதி, அந்தப்புரம் என்று இன்னொரு பகுதி. இரண்டுமே அரச குடும்பத்துப் பெண்களுக்கானவை என்றார் வழிகாட்டி. பிறகு ஏன் இரண்டு? முழு அரண்மனையிலும் தாய்க்கொட்டாரம்தான் பழையது என்றும் சொன்னார். அரசனுக்கு முன்பே பெண்களுக்கு எப்படி மாளிகை வந்தது? ஜெய்ப்பூர் ஹவா மஹாலைப் போல இதுவும் பெண்களை மறைத்து வைக்கக் கட்டியதுதானா? நம் மாவட்டங்களில் அரச பெண்களோடு தொடர்புடைய கட்டடம் ஏதாவது இருக்கிறதா?"

மகள், முதலில் ஹவா மஹாலை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அது 1799இல் சவாய் பிரதாப் சிங் என்ற அரசர் லால் சந்த் உஸ்தாத் என்ற கலைஞரைக் கொண்டு கட்டுவித்தது. ஐந்து மாடி, 953 சிறு சாளரங்கள். தெருவிலிருந்து எல்லோரும் படமெடுக்கும் அந்த முகப்பு உண்மையில் கட்டடத்தின் முதுகு. வாசல் பின்புறம், அரண்மனைப் பக்கமாக இருக்கிறது. மேல் மூன்று மாடிகளும் ஓர் அறை அகலம்தான். ஏறுவதற்குப் படிகளுக்குப் பதில் சாய்தளங்கள். அரச குடும்பத்துப் பெண்கள் தெருவில் போகும் ஊர்வலத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும், தங்களைத் தெரு பார்க்கக் கூடாது. அந்த ஒரே தேவைக்காக எழுந்த கட்டடம் அது. அங்கே சிம்மாசனம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. ஆகவே பெண்கள் பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அரசனின் வீட்டுக்கு ஒட்டு. பத்மநாபபுரத்தின் பழைய பகுதியை அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

வேணாடு, பிற்காலத்தில் திருவிதாங்கூர் என்று பெயர்பெற்ற அரசில், அரசனுடைய மகன் அரசனாக முடியாது. சகோதரியின் மகன், அதாவது மருமகன்தான் அடுத்த அரசன். அரசன் மணந்த பெண் ராணி ஆவதும் இல்லை. அவரை அம்மச்சி என்று அழைத்தார்கள். அவர் பெற்ற ஆண் பிள்ளைகளுக்குத் தம்பி என்றும் பெண் பிள்ளைகளுக்குத் தங்கச்சி என்றும் பட்டம். அம்மச்சிமாருக்கு அம்மவீடுகள் என்று தனி வீடுகள் இருந்தன. திருவனந்தபுரத்தில் இன்றும் அறுமனை, வடசேரி, திருவட்டாறு, நாகர்கோவில் என்ற பெயர்களோடு அந்த வீடுகள் அறியப்படுகின்றன. ராணி என்ற தகுதி அரசனின் தாய்க்கும் சகோதரிகளுக்கும் சகோதரிகளின் பெண்மக்களுக்கும் உரியது. ஆற்றிங்கல் ராணி என்று வரலாற்றில் வருபவர்கள் இவர்கள்தான். குடும்பத்தில் பெண் பிள்ளை இல்லாமல் போனால் வம்சமே நின்றுவிடும் என்பதால், வடக்கே கோலத்துநாட்டு அரச குடும்பத்திலிருந்து பெண்களைத் தத்தெடுத்து வந்தார்கள். மகன் இல்லையே என்று தவம் கிடந்த அரசர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மகள் இல்லையே என்று கவலைப்பட்ட அரண்மனை ஒன்று இருந்தது என்பதே புதுமைதான்.

இந்த முறை எவ்வளவு உறுதியாக நின்றது என்பதற்கு 1729 சாட்சி. ராம வர்மா இறந்ததும் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். ராம வர்மாவின் சொந்த மகன்களான பத்மநாபன் தம்பியும் ராமன் தம்பியும் எங்கள் தகப்பனின் அரசு எங்களுக்குத்தான் என்று கிளம்பினார்கள். எட்டுவீட்டில் பிள்ளைமார் எனப்பட்ட பிரபுக்கள் பின்னால் நின்றார்கள். நிறைய இரத்தம் சிந்தப்பட்டது, வென்றது மருமகன். தோற்ற தம்பிமார் உயிரோடு மிஞ்சவில்லை.

இதைக் கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவருக்கு விளக்கினால் அரை மணி நேரம் போகும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவருக்கு அவ்வளவு தேவையில்லை. உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று இருக்கிறதே, அந்தக் குடி உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது? அம்மாவிடமிருந்து, அம்மாவுக்கு அம்மம்மாவிடமிருந்து. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் முஸ்லிம் மக்களிடமும் குடி தாய்வழியாகத்தான் வருகிறது. பள்ளிவாசல் மரைக்காயர் பொறுப்பும் குடிவழிதான். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழக்கில் ஓர் ஆணின் முதுசச் சொத்து அவனுடைய பிள்ளைகளுக்குப் போகவில்லை, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. ஆங்கிலேயர் காலத்துப் பொதுச் சட்டம் அதை விழுங்கிவிட்டது. ஆனால் வீடு மட்டும் இன்றும் பெண்ணோடுதான் இருக்கிறது. மகளுக்கு வீடு கட்டாமல் கல்யாணம் பேச முடியாது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவின் ஓரத்தில் இன்னொன்று கட்டிப் போகிறார்கள். சேர நாட்டுக் கரைக்கும் நம் கரைக்கும் இருந்த பழைய போக்குவரத்தைப் பற்றி ஆய்வாளர்கள் பேசும்போது இந்தத் தாய்வழி முறையைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்.

இப்போது தாய்க்கொட்டாரத்துக்குள் போகலாம். கொட்டாரம் என்பது அந்தப் பக்கத்தில் அரண்மனைக்கு வழங்கும் சொல். வேளிமலை அடிவாரத்தில் கல்குளம் என்ற பழைய ஊரில், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது கட்டப்பட்டது என்பது வழிவழிக் கணக்கு. இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கே அரண்மனையை விரிவாக்கியது 1601 அளவில். இன்று ஏறத்தாழ 6 ஏக்கரில் பரந்திருக்கும் வளாகம் முழுவதும் இந்தச் சிறிய வீட்டைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக முளைத்ததுதான். அரசனுக்கு முன்பே பெண்களுக்கு மாளிகை எப்படி வந்தது என்று கேட்டீர்களே, அது அரசனுக்கு முந்திய மாளிகை அல்ல. அரசனும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அவன் பிறந்து வளர்ந்த தாய்வீடு அது. தனக்கென்று அவன் கட்டிக்கொண்டவை எல்லாம் பிறகு வந்தவை.

அமைப்பில் அது நாலுகட்டு. யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு என்பார்களே, அதே குடும்பம். நடுவில் வானம் பார்த்த முற்றம். நான்கு பக்கக் கூரைகளும் முற்றத்தை நோக்கித் தாழ்ந்து இறங்குகின்றன. நான்கு மூலைகளிலும் நான்கு தூண்கள் அவற்றைத் தாங்குகின்றன. மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே விழும், வெயில் ஏறினால் சூடான காற்று அந்த வழியாகவே மேலே போகும். முன்மண்டபத்தின் செதுக்கல் விதானத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். அளவு சிறியது, உயரம் தாழ்வு, வெளிச்சம் மங்கல். அரண்மனை என்று நினைக்காமல் ஒரு பெரிய வீடு என்று நினைத்துப் பாருங்கள், சரியாக வரும்.

தென்மேற்கு மூலையில் ஏகாந்த மண்டபம் என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. பகவதிக்குக் களம் எழுதி, அதாவது பொடிகளால் தரையில் உருவம் வரைந்து, பாட்டுப் பாடும் சடங்குகளுக்கான இடம். அங்கே நிற்கும் தூணை நீங்கள் அவசரத்தில் கடந்து வந்திருக்கக் கூடும். ஒரே பலாமரத்தில் கடைந்த தூண். அடியிலிருந்து மேல்வரை பூவேலை. ஒரு கட்டில் இதழ்கள் விரிந்தால் அடுத்த கட்டில் அவை குவிகின்றன, இடையில் வெறும் மரமாக விட்ட இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பலா தேக்கைப் போலப் பிளந்து கொடுக்கிற மரம் அல்ல. நார் பின்னிக்கொண்டு வரும். உளி பிடித்தவருக்கு அது தெரியும். முழு வளாகத்திலும் தனித்தூண் ஒன்றைக் காட்டு என்றால் நான் முன்மண்டபத்துக்குப் போகமாட்டேன், இதைத்தான் காட்டுவேன். அரசன் தன்னைப் பார்க்க வருபவர்களை மலைக்க வைப்பதற்காகச் செய்வித்த வேலை முன்மண்டபத்தில் இருக்கிறது. 90 விதமான பூக்கள் அந்த விதானத்தில் என்பார்கள், அதுவும் குறைந்ததல்ல. இந்தத் தூணோ வீட்டுக்காரர் மட்டும் பார்க்கும் உள்மூலையில் நிற்கிறது.

வடிவமைப்பு படிப்பவர் என்பதால் ஒன்றைச் சொல்லவேண்டும். மேல்மாடிகளில் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சாய்வான மரச் சட்டங்களைக் கவனித்தீர்களா? கூரை இறக்கம் ஆழமாக முன்னுக்கு வருகிறது, அதன் கீழ் மரத்தட்டி வெளிப்பக்கமாகச் சரிந்து நிற்கிறது, சட்டங்களும் சாய்ந்திருக்கின்றன. நேர்வெயில் நுழைவதில்லை, மழைச்சாரல் வழிந்து வெளியே போகிறது, காற்று மட்டும் வருகிறது. உள்ளே இருப்பவர் கீழே முற்றத்தில் நடப்பதைப் பார்க்கலாம். முற்றத்தில் நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால் இருட்டுத்தான் தெரியும். ஆகவே மறைவு என்பது பெண்களுக்காக மட்டும் செய்த ஏற்பாடு அல்ல. ஆலோசனை மண்டபமான மந்திரசாலையில் அரசனும் இதே சட்டங்களுக்குப் பின்னால்தான் இருந்தான். அங்கே சாளரங்களில் நிற அபிரகத் தகடுகளும் உண்டு. காற்றையும் வெளிச்சத்தையும் ஆளும் அதே நுட்பம் ஹவா மஹாலில் கல்லிலும் சுண்ணாம்பிலும், இங்கே மரத்தில். கறுத்து மினுங்கும் தரையைப் பற்றியும் கேட்பார்கள்: எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெழுகித் தேய்த்தது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் செய்முறை. சிரட்டைக்கும் முட்டைக்கும் குறைவில்லாத நம் ஊரில் யாராவது ஒரு திண்ணையிலாவது முயன்று பார்க்கலாம்.

அடுத்தது அந்தப்புரம். இதற்கு மார்த்தாண்ட வர்மாவிடம் திரும்ப வேண்டும். 1741இல் குளச்சலில் அவர் ஒல்லாந்தரைத் தோற்கடித்தார். இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட படை அது. அந்த ஆண்டில் நம் மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையும் அதே ஒல்லாந்தக் கம்பெனியின் கையில்தான் இருந்தது. பிடிபட்ட டி லனோய் என்ற தளபதி பிறகு அரசருக்கே படை நடத்தி, கோட்டைகளைப் பலப்படுத்தி, அங்கேயே இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். வெற்றிக்குப் பிந்திய ஆண்டுகளில் மார்த்தாண்ட வர்மா கல்குளத்து அரண்மனையை ஏறக்குறையப் புதிதாகவே எழுப்பினார். 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்மநாபதாசன் ஆனார்; ஊருக்கும் பத்மநாபபுரம் என்று பெயர் வந்தது. நாலு நிலையாக உயர்ந்து நிற்கும் உப்பரிகை மாளிகை அந்தக் காலத்தது. கீழே கருவூலம், அதன் மேல் அரசரின் பள்ளியறை, அதற்கும் மேல் விரத நாட்களில் அவர் தங்கும் அறை, உச்சியில் சுவர் முழுக்க ஓவியங்களோடு பத்மநாபருக்கென்று ஓர் அறை. 60க்கும் மேற்பட்ட மூலிகை மரங்களால் செய்த கட்டில் அரசரின் பள்ளியறையில் இருக்கிறது. அது ஒல்லாந்தர் கொடுத்த பரிசு என்பார்கள். அடி வாங்கியவர் கட்டில் கொடுப்பது வியாபாரம்தான்.

அந்தப்புரம் இந்த மாளிகையை ஒட்டியே நிற்கிறது. மாளிகை முதலில், பெண்கள் பகுதி அதன் பக்கத்தில். வரைபடத்தில் பார்த்தால் எது எதற்குத் துணை என்பது உடனே தெரியும். தாய்க்கொட்டாரத்தில் முற்றம் நடுவில் இருந்தது, வீடு அதைச் சுற்றி இருந்தது. இங்கே நடுவில் இருப்பது அரசனின் கருவூலம். நவராத்திரி மண்டபத்திலும் இதே ஒழுங்குதான்: கருங்கல் தூண்கள், கண்ணாடி போன்ற கறுப்புத் தரை, அதில் ஆட்டமும் பாட்டும். அரச குடும்பத்துப் பெண்கள் சிறு துளைகள் வைத்த மரத்தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். ஹவா மஹாலைப் பற்றி நீங்கள் கேட்டது இந்த இடத்துக்குப் பொருந்தும், தாய்க்கொட்டாரத்துக்குப் பொருந்தாது. என் கணக்கில் அந்த வளாகத்தின் முக்கியமான பாடமே இதுதான்: அரசு பெருக்கப் பெருக்க, வீட்டின் நடுவில் இருந்த பெண்கள் ஓரத்துக்குப் போனார்கள், அதைக் கட்டடமே காட்டுகிறது.

கட்டடத்துக்கு வெளியே நடந்ததும் அதுதான். ஆற்றிங்கல் ராணிகளுக்குச் சொந்த நிலமும் வருமானமும் ஆட்சியும் இருந்தன. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஞ்சுதெங்கு என்ற கடற்கரை ஊரில் கால் வைக்க ஆங்கிலேயர் ராணியிடம்தான் அனுமதி வாங்கினார்கள். 1677 முதல் 1684 வரை உமையம்மை ராணி வேணாட்டையே நடத்தினார். மார்த்தாண்ட வர்மா அந்த ஆற்றிங்கலைத் தன் ஆட்சிக்குள் இழுத்துக்கொண்டார். வாரிசு முறை மாறவில்லை. அடுத்த அரசனும் மருமகன்தான். ஆனால் ராணியின் வேலை வாரிசைப் பெற்றுத் தருவது என்ற அளவில் சுருங்கியது. தலைநகர் 1795இல் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு கௌரி லட்சுமி பாய், கௌரி பார்வதி பாய், 20ஆம் நூற்றாண்டில் சேது லட்சுமி பாய் என்று பெண்கள் மறுபடி ஆண்டார்கள் என்றாலும், அவை எல்லாம் பட்டத்துக்கு வயது வந்த ஆண் இல்லாத காலங்கள்.

ஆகவே தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று பூரிக்க வேண்டாம். தாய்க்கொட்டாரத்துப் பெண்களில் பலர் சிறுவயதில் தத்து வந்தவர்கள். கேட்டு வந்தவர்கள் அல்லர். நம் ஊரிலும் குடி தாயிடமிருந்து வருகிறது, ஆனால் அந்தக் குடிக்காகக் கோயிலில் வண்ணக்கராக, அதாவது பொறுப்பாளராக, நிற்பவர் ஆண். பொறுப்பு பெண்வழியாக வந்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகிறது. வீட்டு உறுதியில் பெயர் மகளுடையது, வீட்டைப் பற்றிய பேச்சோ தகப்பனும் மாமன்மாரும் பேசுவது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நாலுகட்டைப் பற்றி மிகையாகவும் எழுதமாட்டீர்கள், குறைத்தும் எழுதமாட்டீர்கள்.

கடைசிக் கேள்வி, நம் மாவட்டங்கள். மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய வரலாற்று நூல் ஆடகசவுந்தரி, உலகநாச்சி என்று அரச பெண்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அவை ஊர்க்கதைகளோடு கலந்தவை. கட்டடக்கலைக் கட்டுரைக்கு ஆதாரமாக வைக்க முடியாது. கண்ணால் பார்த்து அளந்து வரையக் கூடியது வேண்டுமானால் பொத்துவிலிலிருந்து மொணராகலை போகும் வீதியில், லகுகலைக்கு அருகே மகுல் மகா விகாரை இருக்கிறது. காவன்திஸ்ஸ மன்னனும் விகாரமகாதேவியும் மணம் செய்த இடம் என்பது மக்கள் நம்பிக்கை. அங்கே கல் மேடை ஒன்றை மணமேடை என்று காட்டுவார்கள். அங்குள்ள 14ஆம் நூற்றாண்டுச் சிங்களக் கல்வெட்டு வேறொன்று சொல்கிறது: தாதுசேன மன்னன் கட்டிப் பின்னர் சிதைந்து கிடந்த விகாரையை, விகாரமகாதேவி என்ற அதே பெயர் கொண்ட பிற்கால ராணி ஒருத்தி திருத்திக் கட்டினாள். பராக்கிரமபாகு என்று பெயர் கொண்ட சகோதர அரசர் இருவருக்கும் அவள் பட்டத்து ராணி என்கிறது கல்வெட்டு. ஒரு பெண் தன் பெயரைக் கல்லில் வெட்டிக் கட்டடப் பொறுப்பை ஏற்ற சான்று நம் கிழக்கிலேயே இருக்கிறது. அங்கே படியடியில் பதித்த அரைவட்டமான சந்திரவட்டக் கல்லையும் பாருங்கள். யானைகளின் மேல் பாகர்கள் இருப்பது மற்ற இடங்களில் காணாதது.

பத்மநாபபுரத்துக்கு மறுபடி போவதாக இருந்தால் திங்கட்கிழமை போக வேண்டாம், மூடியிருக்கும். ஊர் தமிழ்நாட்டில், அரண்மனை நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம்; 1956இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அப்படியே தொடர்கிறது. வழிகாட்டிகள் தமிழிலும் மலையாளத்திலும் சொல்வார்கள். திருவனந்தபுரம் – நாகர்கோவில் பஸ்ஸில் வந்து தக்கலையில் இறங்கினால் அரண்மனை கிட்டத்தான். கூட்டம் முன்மண்டபத்தையும் 2000 பேர் சாப்பிடும் ஊட்டுப்புரையையும் பார்த்துக்கொண்டு போகும். நடுவில் தாய்க்கொட்டாரத்தில் நிற்க நேரம் தரமாட்டார்கள். காலையில் திறந்ததும் உள்ளே போய், வழிகாட்டியிடம் சாரோட்டு அரண்மனைக்குப் போனதாகச் சொல்லும் சுரங்கவழிக் கதையை வெளியே வைத்துக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நாலுகட்டின் முற்றத்தையும் கூரைச் சரிவையும் முதலில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு உப்பரிகை மாளிகையும் அந்தப்புரமும் சேரும் இடத்தை அதே அளவுகோலில் வரையுங்கள். இரண்டு தாள்களையும் உங்கள் விரிவுரையாளரிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.